கோப்பில் இல்லாத கைத்தொழில்: மருதமுனைத் தறிகளின் தடம் தேடி

கல்முனை நகரிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே போனால் முதலில் பாண்டிருப்பு. அதைத் தாண்டினால் மருதமுனை. அதற்கும் அப்பால் பெரியநீலாவணை. அதோடு அம்பாறை மாவட்டம் முடிந்துவிடும். கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. இந்த ஊரின் பெயரை இலங்கையில் எந்த மூலையில் சொன்னாலும், கேட்பவர் வாயில் அடுத்து வருவது சாரம். மருதமுனைச் சாரம், மருதமுனைச் சேலை, மருதமுனைக் கைத்தறி.

ஒரு தொழில் ஓர் ஊரோடு இவ்வளவு இறுக்கமாகப் பிணைந்தது எப்போது, எதனால்? இந்தக் கேள்வியோடுதான் பழைய காகிதங்களைத் தேடத் தொடங்கினேன். எனக்கு வேண்டியது ஊர்ப்பெருமை அல்ல. ஆண்டு, உத்தரவு, பட்டியல், வரைபடம், கணக்கு. நகரத்தின் விளிம்பில் ஒரு கைத்தொழில் வட்டாரம் எழுந்திருக்கிறது என்றால், அது எழுந்ததற்கான எழுத்துச் சாட்சி எங்கேயாவது இருக்க வேண்டும்.

கைத்தொழில் வட்டாரம் என்ற சொல்லை நான் தெரிந்துதான் பயன்படுத்துகிறேன். ஆங்கிலப் பொருளியலாளர் அல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட தம் பெருநூலில், ஒரே தொழிலைச் செய்யும் சிறு பட்டறைகள் ஓரிடத்தில் திரளும்போது நடப்பதை விளக்கினார். ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்களைப் போன்றவர்களே அவர் கண்முன் இருந்தவர்கள். அங்கே தொழில் நுணுக்கம் யாருக்கும் ரகசியமாக இருப்பதில்லை, பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே கற்றுவிடுகிறார்கள், துணைத் தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கின்றன என்றார். மார்ஷல் மருதமுனையைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் விவரித்தது இந்த ஊரைத்தான்.

ஒரு சாரம் உருவாகும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். நூல் கழிகளாக வந்திறங்கும். சாயம் போடுபவர் ஒருவர். காய்ந்த நூலை ராட்டினத்தில் சுற்றுவது பெரும்பாலும் பெண்கள். உம்மா, மாமி, பள்ளிவிட்டு வந்த பிள்ளை, யார் கை ஓய்வாக இருக்கிறதோ அந்தக் கை. பாவு ஓடுவதற்கு நீண்ட இடமும் பழகிய கண்ணும் வேண்டும். கோடுகளின் நிறமும் அகலமும் அங்கேதான் தீர்மானமாகின்றன. பிறகு ஒவ்வொரு இழையாக விழுதிலும் அச்சிலும் கோத்துத் தறியில் ஏற்ற வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்தான் நெசவாளி மிதியில் கால் வைக்கிறார். கயிற்றை இழுத்தால் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாயும். இங்கிலாந்தில் ஜோன் கே என்பவர் 1733இல் காப்புரிமை பெற்ற பொறிமுறை அது. தறி உடைந்தால் பக்கத்துத் தெருத் தச்சர். நெய்ததை வாங்கக் கொழும்புப் புறக்கோட்டையோடு கணக்கு வைத்திருக்கும் முதலாளி. நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்விப்பவரும் அவரே. தொழிற்சாலை என்று சுட்டிக்காட்ட இங்கே ஒரு கட்டடம் கிடையாது. ஊர் முழுவதும்தான் தொழிற்சாலை. என் தேடலின் சிக்கலும் இதுவே: அரசாங்கம் கட்டடத்துக்குக் கோப்புத் திறக்கும், தெருவுக்குத் திறப்பதில்லை.

தேடலின் முதற்படி பெயர்களைச் சரிசெய்வது. அம்பாறை என்ற மாவட்டம் 1961இல்தான் பிறந்தது. அதற்கு முந்திய எல்லாமே மட்டக்களப்பின் பெயரில் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால் கல்முனையும் மறைந்து, கரவாகுப் பற்று என்ற பழைய நிர்வாகப் பிரிவு தலைகாட்டும். தேர்தல் தொடர்பான ஆவணங்களில் 'திகாமடுல்ல' என்று தேட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய அதிகாரிகளோ ஊர்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டினார்கள். கிழக்குக் கரையைப் பற்றி ஆய்வு செய்யப் புறப்படும் இளையவர்கள் இந்தத் திறப்புக் கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வாசலை மிதிக்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்துக் காகிதங்கள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதற்கு ஓர் அளவுகோல் நம் கையில் இருக்கிறது. லெனார்ட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது எழுதிய அலுவல் நாட்குறிப்புகள் பின்னாளில் அச்சில் வந்தன. உப்பு, மாட்டு நோய், வீதி, குளம், வழக்கு, குடிசன மதிப்பீடு: ஓர் அதிபரின் நாள் இவற்றால் நிறைந்தது. அரசுக்கு வருமானம் தந்ததும் அரசுக்குத் தொல்லை தந்ததும் எழுத்தில் ஏறின. மட்டக்களப்பு அதிபர்களின் உலகமும் அதே வட்டத்துக்குள்தான். நெல்லுக்கு வரி இருந்தது; 1893இல் அது நீக்கப்படும்வரை ஒவ்வொரு வயல்வெளியும் ஏட்டில் ஏறியது. கரவாகுவின் நெல்லைப் பற்றி அரசுக்குத் தெரிந்த அளவு கரவாகுவின் நூலைப் பற்றித் தெரியவில்லை.

இந்த இடத்தில் பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்ப்பது பயன் தரும். தமிழ்நாட்டில் சோழர் காலம் முதல் கல்வெட்டுகளில் தறி இறை பேசப்படுகிறது. ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்திலும் தறிகள் மீது மொதற்பா என்ற வரி விழுந்தது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஒழிந்தது. அதனால் தறி எத்தனை, யார் வீட்டில் என்ற விவரங்கள் அங்கே வரிக் கணக்காகவே எஞ்சின. நெசவாளியின் வயிற்றில் அடித்த வரி வரலாற்றாசிரியருக்கு ஆதாரம் விட்டுச் சென்றது. சொல்லவே வருத்தமான உண்மை. திருநெல்வேலிப் பக்கத்து மேலப்பாளையத்தில் முஸ்லிம் நெசவாளர்கள் இருந்ததை அந்த மாகாணத்தின் பதிவுகள் வழியாக இன்றும் பின்தொடரலாம். நம் கரையின் முஸ்லிம் ஊர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த முன்னோர் பற்றிய கதைகள் வாய்மொழியாக உலவுகின்றன. ஆனால் வாய்மொழிக் கதையை மேலப்பாளையத்தோடோ வேறொரு நெசவூரோடோ முடிச்சுப் போட எனக்கு ஆவணம் வேண்டும். அப்படி ஓர் ஆவணம் என் கையில் இல்லாதவரை நான் முடிச்சுப் போடமாட்டேன்.

சுவடிக்கூடத்தில் அம்பாறையைத் தேடுகிறவர் கையில் முதலில் மாட்டுவது வேறொரு கைத்தொழிலின் கதை. அது பெருங்கதை.

1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் கல்லோயா அபிவிருத்திச் சபையை உருவாக்கியது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அதிகார சபையை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த சபை அது. நாம் பட்டிப்பளை ஆறு என்று அழைக்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் அணை கட்டியது. 7,70,000 ஏக்கர் அடி நீரைத் தாங்கும் சேனநாயக்க சமுத்திரம் உருவானது. காட்டை வெட்டிக் குடியேற்றங்கள் வந்தன; அம்பாறை நகரம் வந்தது. 1960களில் வலது கரையின் கரும்பை நம்பி ஹிங்குரானையில் சீனித் தொழிற்சாலை எழுந்தது. சட்டம், சபை, ஆண்டறிக்கை, வரைபடம், ஒப்பந்தம், பாராளுமன்ற விவாதம், பிரதமர் அடிக்கல் நாட்டும் புகைப்படம் என எதற்கும் பஞ்சமில்லை. திட்டம் பலித்ததா என்று ஆராயக் கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபாமர் தலைமையில் ஒரு குழுவும் அமர்ந்தது; அதன் அறிக்கை 1970இல் பாராளுமன்ற ஆவணமாக வெளிவந்தது. போட்ட செலவுக்கு ஈடான பலன் கிடைக்கவில்லை என்ற கசப்பான கணக்கு அதில் இருக்கிறது.

ஹிங்குரானை ஆலை 1997இல் நின்றுபோனது. கரும்பு விளைந்த நிலமும் ஆலையை நம்பிய குடும்பங்களும் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. அரசும் தனியார் நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்து 2012இல்தான் ஆலையை மீண்டும் இயக்கின. ஒலுவில் துறைமுகத்தின் கதை இதைவிடச் சுருக்கம்: டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள், வாயில் மணல் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. அதன் கோப்பும் கனமானதுதான்.

இந்தத் திட்டங்களை இகழ்வது என் நோக்கமல்ல. கல்லோயா நீரில் விளைந்த நெல்லை இந்தக் கரையே உண்கிறது. நான் கவனித்தது வேறு. மாவட்டத்தின் கைத்தொழில் வரலாறு என்று எழுத உட்காருகிறவர் கையில் கிடைப்பதைக் கொண்டுதான் எழுதுவார். ஹிங்குரானையைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அதற்கு முந்தியே ஓடி, அது நின்ற காலத்திலும் ஓடி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மருதமுனைத் தறிக்கு ஒரு பந்தி கிடைத்தால் பெரிது. காகிதத்தின் கனம் தொழிலின் கனமாகத் தோன்றிவிடுகிறது.

தறி ஏன் எண்ணிக்கையில் விழவில்லை? இந்தக் கேள்விக்கு விடை புள்ளிவிபரத் தாள்களின் முன்குறிப்புகளில் இருந்தது. அட்டவணையை மட்டும் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தச் சிறு எழுத்துகளைப் புரட்டிவிடுவார்கள். நாட்டின் வருடாந்தக் கைத்தொழில் அளவீடு ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களையே கைத்தொழில் நிறுவனமாகக் கணக்கில் எடுத்தது. மருதமுனை வீடொன்றை நினைத்துப் பாருங்கள். முற்றத்துக் கொட்டிலில் ஒரு தறி அல்லது இரண்டு. நெய்பவர் ஒருவரோ இருவரோ, தார் சுற்றும் ஒருவர். இப்படி ஒரு தெருவில் எத்தனை வீடு இருந்தாலும், ஒவ்வொன்றும் ஐந்துக்குக் கீழே நழுவிவிடும். தெரு முழுவதையும் கூட்டினால் ஒரு பெரிய ஆலைக்குச் சமமான கைகள் உழைத்தாலும், அட்டவணையில் அந்தத் தெரு பூச்சியம்.

குடிசன மதிப்பீடு ஆளை எண்ணுகிறது, அதில் கிடைக்குமே என்று நினைக்கலாம். அங்கேயும் ஆளுக்குக் கேட்பது பிரதான தொழில். போகத்தில் வயலுக்குப் போய், மற்ற மாதங்களில் தறியில் உட்காருபவர் விவசாயி என்று பதிவாகலாம். நாள் முழுவதும் ராட்டினம் சுற்றிய அவருடைய மனைவி தொழில் இல்லாதவர் என்று பதிவாகலாம். இந்தக் கைத்தொழிலின் பாதி உழைப்பு பெண்களுடையது. அந்தப் பாதி எழுத்தில் ஏறாமலே கரைந்துபோனது. இதற்கு மேல் போர் வந்தது. 1981க்குப் பிறகு நாட்டில் 2001வரை குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. இருபது ஆண்டு வெற்றிடம். நெசவு உச்சத்திலிருந்து சரிந்த காலம் அந்த வெற்றிடத்துக்குள் விழுந்துவிட்டது. ஒன்று முதல் நான்கு பேர் வரை வேலை செய்யும் மிகச் சிறிய நிறுவனங்களையும் தனி வகுப்பாக வைத்து எண்ணிய பொருளாதாரத் தொகைமதிப்பு நடந்தது 2013–14இல். அதற்குள் பல கொட்டில்களில் தறியே இல்லை.

தறியைத் தேடினால் கிடைக்காது என்று புரிந்த பிறகு நூலைத் தேடத் தொடங்கினேன். இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வழி அதுதான். மற்ற ஆய்வாளர்களுக்கும் அதையே சொல்வேன். இந்த நாட்டில் சொல்லும்படியாகப் பருத்தி விளைவதில்லை. தறிக்கு வேண்டிய நூல் ஒன்றில் கடல் கடந்து வர வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பஞ்சை வாங்கி இங்கே ஆலையில் நூற்க வேண்டும். எந்த வழியில் வந்தாலும் அது சுங்கத்தைத் தாண்டும், அந்நியச் செலாவணியைத் தின்னும், அமைச்சரின் கையெழுத்தைக் கேட்கும். தறி வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளலாம், நூலால் முடியாது.

நூலுக்கு நம்பர் உண்டு. ஓர் இறாத்தல் நூலில் 840 கஜக் கழிகள் எத்தனை அடங்குகின்றன என்பதே அந்த நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஓர் இறாத்தலில் 33,600 கஜம், ஏறத்தாழ பத்தொன்பது மைல். நம்பர் ஏற ஏற நூல் மெலிந்து, துணி மென்மையாகும். எந்த நம்பர் நூல் எந்த ஆண்டில் கிடைத்தது என்று தெரிந்தால், அந்த ஆண்டில் இந்த ஊர் எந்தத் தரத்துச் சாரம் நெய்திருக்க முடியும் என்று ஊகிக்கலாம். எனவே வர்த்தமானி, வரவுசெலவுத் திட்ட உரை, ஹன்சார்ட், சுங்கத் திணைக்களத்தின் இறக்குமதிக் கணக்கு ஆகியவை மருதமுனையின் பெயரையே உச்சரிக்காமல் மருதமுனையின் வரலாற்றைச் சொல்லும் ஆவணங்களாகிவிடுகின்றன.

அந்த வழியில் நடந்தபோது காலம் தெளிவாகப் பிரிந்தது. 1960களின் தொடக்கத்திலிருந்தே செலாவணித் தட்டுப்பாடு இறக்குமதியை இறுக்கியது. 1958இல் அரசு தேசிய புடவைக் கூட்டுத்தாபனத்துக்கு வழி செய்திருந்தது. வெயாங்கொடையிலும் பின்னர் துல்கிரியவிலும் பூகொடையிலும் பெரிய ஆலைகள் வந்தன. கைப்பணிப் பொருட்களை விற்க 1964இல் லக்சல தோன்றியது. 1969இன் முதலாம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் எது நாட்டுக்குள் வரலாம் என்பதை அரசின் அனுமதிக்குள் வைத்தது. 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டரசாங்கம் வந்ததும் கதவு ஏறக்குறைய முழுதாகச் சாத்தப்பட்டது.

அந்த ஏழு ஆண்டுகளை நாட்டின் பெரும்பகுதி பாண் வரிசையாக நினைவில் வைத்திருக்கிறது. மருதமுனையில் அதே ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்கிறது. வெளிநாட்டுப் புடவை வரவில்லை, பளையக்காட் சாரம் வரவில்லை. நாட்டில் உடுப்பதற்கு உள்ளூர்த் துணிதான். நெய்ததெல்லாம் விற்றது. நூல் ஒதுக்கீடாக வந்தது, சங்கங்கள் வழியாகப் பங்கிடப்பட்டது. ஒதுக்கீடு கிடைக்கும் என்பதற்காகவே தறி போட்டவர்கள் உண்டு என்று முதியவர்கள் சொல்கிறார்கள். கல்முனையின் வடக்கு விளிம்பில் சிதறியிருந்த நெசவு ஒரு முழு வட்டாரமாக இறுகிய காலம் இதுவே என்பது என் முடிவு. நெசவுத் திறமை ஏற்கெனவே இங்கே இருந்தது. சந்தையைத் திறந்தது கொழும்பில் சாத்திய கதவு. காத்தான்குடியிலும் இதே காலத்தில் தறிகள் பெருகியதைப் பார்த்தால், இது ஓர் ஊரின் தற்செயல் அல்ல, கிழக்குக் கரை முழுவதும் ஒரு கொள்கைக்குக் காட்டிய எதிர்வினை என்று தெரியும்.

கதவு திறந்த நாளையும் ஹன்சார்டில் விரல் வைத்துக் காட்டலாம். 1977 நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் முன்வைத்த வரவுசெலவுத் திட்டம் இறக்குமதியைத் தாராளமாக்கியது. அதே வீச்சில் இரட்டை நாணய மாற்று விகிதம் ஒழிந்து, ஒரு டொலருக்கு 16 ரூபாய் என்று ரூபாயின் பெறுமதி இறங்கியது. இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பொருளாதார வரலாற்று நூல்கள் நெசவாளியின் பக்கம் நின்று இப்படி வாசிப்பதில்லை. ரூபாய் விழுந்ததால் இறக்குமதி நூலும் சாயமும் விலை ஏறின. அதே நாளில் ஆலையில் நெய்த வெளிநாட்டுத் துணி கடைகளுக்குள் வந்து நின்றது. வாங்கும் விலை கூடியது, விற்கும் விலை இறங்கியது. இரண்டு பக்கமும் இறுகிய அந்த இடுக்கியில் அகப்பட்டவர்கள் யாரென்று அன்றைய விவாதத்தில் யாரும் ஊர் ஊராகச் சொல்லவில்லை. அரசின் ஆலைகளும் சில ஆண்டுகளுக்குள் வெளிநாட்டு நிறுவனங்களின் முகாமைக்குப் போயின.

மருதமுனை அதோடு மூடிக்கொள்ளவில்லை. சிலர் மின்தறிக்கு மாறினார்கள். சிலர் கைத்தறியிலேயே நின்று, ஆலையால் மலிவாகச் செய்ய முடியாத வேலைப்பாட்டுக்குப் போனார்கள். பலர் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறினார்கள். ஒரு கைத்தொழில் வட்டாரத்தின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது என்று நினைக்கிறேன். ஹிங்குரானையில் ஓர் ஆலை நின்றதும் எல்லாம் நின்றது. இங்கே ஒரு கொட்டிலில் தறி நின்றபோது அடுத்த கொட்டிலில் ஓடியது.

பிறகு கோப்புகளின் இடப்பெயர்ச்சி. 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு கூட்டுறவு மாகாண விடயமாயிற்று. 1988இல் வடக்கும் கிழக்கும் இணைந்து ஒரே மாகாண நிர்வாகம் திருகோணமலையில் அமர்ந்தது; 2007 தொடக்கத்தில் மீண்டும் பிரிந்தது. மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக்கு, அங்கிருந்து கொழும்புக்கும் திருகோணமலைக்கும் என்று ஒரே சங்கத்தின் காகிதம் எத்தனை அலுமாரிகளைப் பார்த்திருக்கும்! இதற்கிடையில் 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்த இந்தக் கரையில் வீதி அஞ்சத்தக்கதாயிற்று. நூல் லொறி வரவில்லை என்றால் தறி நிற்கும். நெய்த சாரம் கொழும்புக்குப் போகவில்லை என்றால் அடுத்த நூலுக்குக் காசு இல்லை. பக்கத்துத் தமிழ் ஊர்களோடு இருந்த கொடுக்கல் வாங்கலும் நைந்தது. அந்தக் காலத்துக் கணக்குகள் எந்த அலுவலகத்திலும் இருக்க வாய்ப்பில்லை. வீடுகளில்தான் இருந்தன.

வீடுகளில் இருந்ததைக் கடல் எடுத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையின் கடற்கரைப் பக்கத்தில் வீடும் தறியும் நூலும் ஒன்றாகப் போயின. "கொப்பியெல்லாம் கடலோட போயிட்டு" என்ற பதில் இந்தக் கரையில் எந்த வீட்டிலும் கேட்கக்கூடியது. பழைய கணக்குக் கொப்பியைக் கேட்பதற்கே நா எழாது; அதைக் கேட்கும் வீட்டில் ஆளும் போயிருக்கும். பின்னர் கரையோரத்தில் குடியிருக்கக் கூடாது என்று எல்லை போட்டார்கள். அந்த எல்லையின் பெயராலேயே 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்று மருதமுனையில் ஒரு குடியிருப்பு அழைக்கப்படுகிறது. இழந்தவர்களுக்குக் கூரை கிடைத்தது; அது பெரிய காரியம். ஆனால் திட்டம் வகுத்தவர்கள் குடும்பத்துக்கு அறை எண்ணினார்கள், தறிக்கு எண்ணவில்லை. பாவு ஓட நீளம் வேண்டும், தறிக்குக் கொட்டில் வேண்டும். வீடு இடம் மாறியபோது தொழிலுக்கு இடமில்லாமல் போனது. இழப்புப் பட்டியல்களில் வீடு ஒரு வரி, படகு ஒரு வரி. தறியோ இந்த இடத்திலும் வீட்டுக்குள் மறைந்துவிட்டது.

இத்தனைக்குப் பின்னும் எஞ்சியிருப்பவை எவை? அவற்றைக் கண்ட இடங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் இனி தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் சங்கங்களும் வெளியிட்ட சிறப்பு மலர்களின் பின்பக்க விளம்பரங்கள் பொன் போன்றவை. வாழ்த்துச் செய்திகளை யாரும் இரண்டாம் முறை வாசிக்கமாட்டார்கள். ஆனால் விளம்பரப் பக்கத்தில் அந்த ஆண்டு யார் என்ன நெய்தார்கள், எங்கே விற்றார்கள் என்பது இருக்கும். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன், மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி போன்ற எழுத்தாளர்களைத் தந்த ஊர் இது. எழுத்துப் பழக்கம் இல்லாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் இப்படிப்பட்ட மலர்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் காப்பாற்றி வைத்திருக்கிறது. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்த நாட்டில் இதைவிடப் பெரிய பணி இல்லை.

2022இல் ரூபாய் மீண்டும் விழுந்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. நூலும் சாயமும் எட்டாத விலைக்குப் போயின. 1977இல் நடந்தது மறுபடி நடந்தது. முதல் அடியின் கணக்கு யாரிடமும் இல்லாததால், இரண்டாம் அடியின்போது நெசவாளர்கள் அரசிடம் எடுத்துக்காட்ட ஒரு தாள்கூட இல்லை. எத்தனை தறி இருந்தது, எத்தனை நின்றது, எத்தனை குடும்பம் கைவிட்டது என்று சொல்ல முடியாதவர் நிவாரணம் கேட்டால் அது கோரிக்கையாக நிற்காது, கெஞ்சலாகிவிடும். பழைய காகிதம் வரலாற்றுப் பிரியர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது, ஆனால் காலம் குறுகியது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளில் அரச அலுவலகங்களில் இருந்த பழைய பதிவேடுகளைக் குறைந்தது பத்து ஆண்டு பேண வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பத்து ஆண்டு 2027 பெப்ரவரியில் முடிகிறது. நெசவுக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவுக் கோப்புகள், நூல் ஒதுக்கீட்டுப் பட்டியல்கள், அரசு நெசவு நிலையங்களின் வரவு இடாப்புகள் ஆகியவற்றைக் கேட்டு எந்தக் குடிமகனும் ஒரு விண்ணப்பம் எழுதலாம். 1995இல் தொடங்கி இன்று ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதன் மாணவர்கள் இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்தால் தடுப்பார் இல்லை.

அலுவலகத்தைவிட வீடு முக்கியம். மருதமுனையிலும் அயலூர்களிலும் இருக்கும் வாசகர்களிடம் கேட்கிறேன். உங்கள் வாப்பாவோ உம்மம்மாவோ தறியோடு வாழ்ந்தவர்கள் என்றால், அலுமாரியின் அடித்தட்டில் ஒரு முறை பாருங்கள். புறக்கோட்டைக் கடையின் பற்றுச்சீட்டு, சங்கத்தின் அங்கத்துவ அட்டை, கூலிக் கணக்குக் கொப்பி, கோட்டு வரிசை எழுதிய துண்டுத்தாள், மாதிரிக்காக வெட்டி வைத்த சாரத் துண்டு, எதுவாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். கையடக்கத் தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். பின்னால் யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ நூலகம் திட்டத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள். நூல் சுற்றிய மூதாட்டி உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த வாரமே அவர் அருகில் உட்கார்ந்து அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.